தென்காசிக்கும் டொராண்டோவுக்கும் நடுவே குரல் எந்த வழியாகப் போகிறது?

அம்மா, நீங்கள் கேட்டது இது: நீங்கள் தென்காசியில் இருக்கிறீர்கள், மகள் டொராண்டோவில். வாட்ஸ்அப்பில் பேசினால் அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. குரல் சேட்டிலைட் வழியாகப் போகிறதா, அத்தனை தூரம் எப்படிக் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேருகிறது, அதற்கென்று தனியாகக் காசும் ஆவதில்லையே, எப்படி? கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: சில நாள் குரல் ரோபோ பேசுவதுபோல் உடைகிறது, சில நாள் இருவரும் ஒரே சமயத்தில் பேசி முட்டிக்கொள்கிறோம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் உண்மையான கேள்வி, தூரம் நிஜமாகவே இல்லாமல் போய்விட்டதா, இல்லை எங்காவது மறைந்து நிற்கிறதா என்பதுதான். மறைந்துதான் நிற்கிறது. நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். அந்தத் தூரம் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

முதலில் சேட்டிலைட். உங்கள் குரல் அந்த வழியாகப் போவதில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கண்டங்களுக்கு இடையே ஓடும் தகவலில் 95 சதவீதத்துக்கும் மேல் கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிள்களில்தான் போகிறது. பழைய வெளிநாட்டு அழைப்புகளுக்குப் பயன்பட்ட சேட்டிலைட்டுகள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. குரல் மேலே போய்க் கீழே இறங்க 71,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஒளியின் வேகத்தில் போனாலும் கால் விநாடி. நீங்கள் ஒன்று கேட்டு மகள் பதில் சொல்ல, பயணத்துக்கு மட்டுமே அரை விநாடி போய்விடும். 1970-களின் தொடக்கத்தில் புனே அருகே ஆர்வியில் தரைநிலையம் வந்த பிறகு வெளிநாட்டுக்குப் பேசியவர்களுக்கு அந்த இடைவெளி நன்றாகத் தெரியும். அந்தமான் நிகோபார் தீவுகள் 2020 வரை சேட்டிலைட்டை நம்பித்தான் இருந்தன. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்ற சில தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்தார்கள். வானத்தை விட்டுக் கடலுக்கு வந்த பிறகுதான் அங்கே இணையம் வேகம் பிடித்தது. இப்போது 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் சேட்டிலைட்டுகள் வந்திருக்கின்றன. அவற்றில் இந்தத் தாமதப் பிரச்சினை பெரிதாக இல்லை. ஆனால் நீங்கள் பேசுவது சாதாரண மொபைலிலோ வீட்டு வைஃபையிலோ என்றால், அது வேறு உலகம்.

அப்படியானால் வழி எது? உங்கள் ஃபோனிலிருந்து அருகிலுள்ள டவர் வரை மட்டும்தான் காற்று. டவரிலிருந்து ஃபைபரில், அதாவது ஒளி ஓடும் கண்ணாடி இழைக் கேபிளில் இறங்கி, மதுரை போன்ற ஒரு பெரிய ஊர் வழியாகச் சென்னைக்கோ மும்பைக்கோ போகிறது. சிங்கப்பூருக்கு 3,200 கிலோமீட்டர் ஓடும் ஐ-டு-ஐ கேபிள் 2002 முதல் சென்னையில் கரையேறுகிறது. சீ-மீ-வீ 4 என்ற இன்னொன்று சென்னையையும் மும்பையையும் தொட்டு, செங்கடல் வழியாக எகிப்தை அடைந்து, அங்கே கொஞ்ச தூரம் தரையில் ஓடி, மத்தியதரைக் கடலில் இறங்கிப் பிரான்ஸின் மார்செய் வரை போகிறது. அங்கிருந்து அட்லாண்டிக் கேபிள் ஒன்றைப் பிடித்து நியூயார்க், பிறகு தரைவழி டொராண்டோ. சென்னைக் கரைக்கு இது புதிதும் இல்லை. 1870-களின் தொடக்கத்திலேயே மதராஸிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் தந்திக் கம்பி போட்டுவிட்டார்கள்.

ஆழ்கடலில் கிடக்கும் கேபிளின் குறுக்களவு 17 முதல் 20 மில்லிமீட்டர்தான். கரைக்கு அருகே, நங்கூரமும் மீன்வலையும் படக்கூடிய இடங்களில், இரும்புக் கம்பிகளைச் சுற்றி 50 மில்லிமீட்டர் வரை தடிமனாக்கி, கடற்படுகையில் கலப்பை போன்ற ஒரு கருவியால் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் புதைக்கிறார்கள். உள்ளே சில ஜோடி கண்ணாடி இழைகள். ஒவ்வொன்றும் 125 மைக்ரான், தலைமுடியை விடச் சற்றே தடிமன். ஒளி ஓடும் நடுப்பகுதி அதிலும் சிறியது, சுமார் 9 மைக்ரான்.

இந்தக் கண்ணாடியின் தூய்மைதான் என்னை இன்றும் அசர வைக்கிறது. 1966-ல் சார்ல்ஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் என்ற இருவரும், கண்ணாடியிலுள்ள மாசை நீக்கினால் அதன் வழியே தொலைதூரத்துக்குத் தகவல் அனுப்பலாம் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் ஒளியில் நூறில் ஒரு பங்கு மிஞ்சினால் போதும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. 1970-ல் கார்னிங் நிறுவனம் அந்த இலக்கைத் தொட்டது. இன்றைய இழையில் அதே நூறில் ஒரு பங்கு மிஞ்சுவதற்குள் ஒளி 100 கிலோமீட்டர் போய்விடுகிறது. காவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் 100 கிலோமீட்டர் கடலைத் தாண்டப் போதாது. அதனால் கடலடியில் 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒரு பெருக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குள் எர்பியம் என்ற தனிமம் கலந்த சில மீட்டர் இழை இருக்கும். வேறொரு லேசரால் எர்பியத்தைத் தூண்டி வைத்திருப்பார்கள். களைத்து வரும் ஒளி அதைக் கடக்கும்போது, மின்சாரமாக மாறாமல், ஒளியாகவே வலுப்பெற்று வெளியேறும். 1980-களின் பிற்பகுதியில் வந்த கண்டுபிடிப்பு இது. பெருக்கிகளுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கேபிளுக்குள்ளேயே உள்ள செம்புக் குழாய் வழியாகக் கரையிலிருந்து அனுப்புகிறார்கள். நீண்ட கேபிளுக்கு 10,000 வோல்ட்டைத் தொடும் மின்னழுத்தம், ஆனால் ஓட்டம் ஒரு ஆம்பியர் அளவுதான். சுற்றை முடித்துத் தருவது கடல்நீர்.

இப்போது உங்கள் தூரத்தைக் கணக்கிடுவோம். வெற்றிடத்தில் ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும்; கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சம்தான். அதாவது 1,000 கிலோமீட்டருக்கு 5 மில்லிசெகண்ட் (ஒரு மில்லிசெகண்ட் என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நேர்த்தூரம் 13,000 கிலோமீட்டரை ஒட்டியது. கேபிள் வளைந்து நெளிந்து போவதால் நடைமுறையில் சுமார் 20,000 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வழிக்கு 100 மில்லிசெகண்ட், போய்வர 200. எந்த நிறுவனம் எவ்வளவு செலவழித்தாலும் இந்த வழியில் இதைக் குறைக்க முடியாது, இயற்பியல் விடாது. தென்காசியிலிருந்து சென்னை வரை இதில் மூன்று நான்கு மில்லிசெகண்ட்தான்.

குரல் எப்படிப் பயணத்துக்குத் தயாராகிறது என்பது அடுத்தது. ஃபோன் உங்கள் குரலை விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. அந்த எண்களை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்குவது வழக்கம், விநாடிக்கு 50 துண்டு. ஒவ்வொரு துண்டிலும் காதுக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உதறிவிடும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2012-ல் பொதுத் தரமாக வந்த ஓபஸ் இவற்றில் பரவலானது. விநாடிக்கு 24 கிலோபிட், அதாவது 24,000 பிட் கிடைத்தாலே அதில் பேச்சு தெளிவாக இருக்கும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், அந்தக் கணக்கில் ஒரு துண்டு 60 பைட். அதன்மேல் முகவரி, வரிசை எண் போன்றவை ஒரு 40 பைட். ஆக விநாடிக்கு 5,000 பைட், அதாவது 40 கிலோபிட், நிமிடத்துக்கு 300 கிலோபைட், இது ஒரு திசைக்கு மட்டும். துண்டுகள் பூட்டப்பட்டே புறப்படுகின்றன. சாவி உங்கள் ஃபோனிலும் மகளின் ஃபோனிலும் மட்டும் இருப்பதால் நடுவில் இருப்பவருக்குப் பேச்சு கேட்காது.

வழியில் ஒரு துண்டு தொலைந்தால் என்ன ஆகும்? மின்னஞ்சலோ வங்கிப் பரிவர்த்தனையோ என்றால் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கியே தீர வேண்டும். பேச்சில் அப்படிக் காத்திருந்தால் போய்வர 200 மில்லிசெகண்ட் ஆகிவிடும். அதற்குள் பத்துத் துண்டு கடந்திருக்கும். அதனால் பெரும்பாலும் தொலைந்ததை விட்டுவிட்டு, முந்தைய ஒலியின் சாயலை வைத்து இடைவெளியை நிரப்புகிறது ஃபோன். ஒன்றிரண்டு துண்டு என்றால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தொடர்ந்து ஐந்தாறு போனால் நிரப்ப வேண்டிய ஒலி நீண்டு, குரல் உலோகத்தனமாக இழுபடும். நீங்கள் சொல்லும் ரோபோ குரல் அதுதான். துண்டுகள் தொலையாமல், சீரற்ற இடைவெளியில் வந்தாலும் இதே கதை. அதைச் சமாளிக்க ஃபோன் வந்த துண்டுகளைச் சில பத்து மில்லிசெகண்ட் நிறுத்திவைத்து, வரிசைப்படுத்தி, பிறகே ஒலிக்கவிடும். வரத்து மோசமாக மோசமாக, நிறுத்திவைக்கும் நேரத்தையும் கூட்டிக்கொண்டே போகும்.

இவற்றைக் கூட்டிப் பாருங்கள். துண்டாக்கிச் சுருக்க 25 மில்லிசெகண்டை ஒட்டி, இரு பக்கமும் டவர் அல்லது வைஃபைக்கு ஒரு 40, கடலுக்கு 100, வரிசைப்படுத்த 50, ஒலிபெருக்கி வரை கொண்டுசேர்க்க இன்னும் கொஞ்சம். நல்ல நாளிலும் ஒரு வழிக்கு 200-க்கும் 250-க்கும் நடுவில் வரும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல்படி 150-க்குள் இருந்தால் பேச்சில் இடைஞ்சல் தெரியாது, 400-ஐத் தாண்டக் கூடாது. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிசெகண்டுதான் என்று மொழியாய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். நீங்கள் நிறுத்தியது மகளுக்குத் தெரியக் கால் விநாடி, அவள் தொடங்கியது உங்களுக்குத் தெரிய இன்னொரு கால் விநாடி. அந்த அரை விநாடி மௌனத்தைப் பார்த்து, அவள் ஏதும் சொல்லவில்லை என்று நினைத்து நீங்கள் மறுபடி தொடங்குகிறீர்கள். அதே நேரம் அவள் குரல் வந்து சேருகிறது. முட்டிக்கொள்வது இப்படித்தான். யார் மேலும் தவறில்லை. மறைந்திருக்கும் தூரம் வெளியே தலைகாட்டும் இடம் அது.

காசு விஷயம் சுலபம். 1956-ல் அட்லாண்டிக்கில் போட்ட முதல் தொலைபேசிக் கேபிளில் ஒரே நேரத்தில் 36 பேச்சுகள்தான் தொடக்கத்தில் ஓட முடிந்தது. 1988-ல் அதே கடலில் வந்த முதல் ஃபைபர் கேபிளில் 40,000. 2017-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சிலிருந்து ஸ்பெயினின் பில்பாவோவுக்குப் போட்டு முடித்த மரேயா என்ற கேபிளின் திட்டமிட்ட கொள்ளளவு விநாடிக்கு 160 டெராபிட் (ஒரு டெராபிட் என்பது நூறு கோடி கிலோபிட்). மேலே சொன்ன 40 கிலோபிட் பேச்சால் அதை வகுத்தால் 400 கோடி வருகிறது. எண்ணிக்கை அந்த அளவுக்குப் பெருகியதும் தனியொரு பேச்சுக்கு விலை போடுவதில் அர்த்தமில்லாமல் போய்விட்டது. ஆனால் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மாத ரீசார்ஜிலும் மகளின் இணையக் கட்டணத்திலும் அந்தக் கேபிளின் பங்கு இருக்கிறது.

இதுவரை சொன்னது அளந்து சரிபார்க்கக்கூடியது. இனி வரும் சிலவற்றில் ஊகம் கலந்திருக்கிறது. உங்கள் இன்றைய அழைப்பு ஐரோப்பா வழியாகப் போனதா, சிங்கப்பூர் வழியாகப் பசிபிக் தாண்டிப் போனதா என்பதை வெளியிலிருந்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. வழியைத் தீர்மானிப்பது தூரத்தைவிட நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தங்கள்தான். போகிற வழியும் வருகிற வழியும் வெவ்வேறாகக்கூட இருக்கலாம். இரண்டு ஃபோன்களும் நேராகப் பேசிக்கொள்ளும் அழைப்பும் உண்டு, நடுவில் நிறுவனத்தின் சர்வர் ஒன்று வாங்கி அனுப்பும் அழைப்பும் உண்டு. பல மொபைல் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது இணைய முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதால் நேர்வழி கிடைக்காமல் போவது சகஜம். அந்தச் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தாமதம் கூடும் குறையும்.

கேபிள் அறுந்த நாட்களும் உண்டு. உலகம் முழுவதும் ஆண்டுக்கு நூற்றைம்பதிலிருந்து இருநூறு பழுதுகள் நடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடிப்பும் கப்பல் நங்கூரமும்தான். சுறா கடிப்பது மிக அரிது. 2008 ஜனவரி இறுதியில் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு கேபிள்கள் அடுத்தடுத்து அறுந்து இந்தியாவின் இணையம் பெரிதும் தடுமாறியது. 2024-ல் செங்கடலில் சில கேபிள்கள் அறுந்தன. பழுது பார்க்கும் முறை வியப்பானது. கரையிலிருந்து இழைக்குள் ஒளித் துடிப்பை விட்டு, எதிரொளி திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கப்பல் போய், கொக்கியைக் கடலடியில் இழுத்து, ஒரு முனையைத் தூக்கி மிதவையில் கட்டி, மறுமுனையையும் தூக்கி, நடுவே புதிய துண்டைச் சேர்த்து இழை இழையாக உருக்கி ஒட்டி, திரும்ப இறக்குகிறார்கள். அந்த வேலைக்குச் சில நாட்கள் போதும். கப்பல் கிடைப்பதற்கும் அந்தந்த நாட்டு அனுமதிக்கும் வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை போக்குவரத்து மற்ற கேபிள்களுக்கு மாறிவிடும். உங்களுக்கு அழைப்பு நிற்காது, தாமதம் மட்டும் சில பத்து மில்லிசெகண்ட் ஏறும்.

ஆகவே ரோபோ குரலுக்குக் கடலைக் குற்றம் சொல்ல வேண்டியிருப்பது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் இரு முனையிலுள்ள வீட்டுக்குள்தான். வீட்டு இணைப்பில் ஏற்றும் வேகம் 5 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு ஃபோன் கல்யாணப் படங்களையெல்லாம் கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. ரூட்டரில் 500 கிலோபைட் வரிசை கட்டி நின்றால் அது தீர 0.8 விநாடி ஆகும். உங்கள் குரல் துண்டு அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். அந்த 0.8 விநாடியில் ஒளி இழைக்குள் 1,60,000 கிலோமீட்டர் போயிருக்கும், பூமியை நான்கு முறை சுற்றும் தூரம். உங்கள் வரவேற்பறையிலேயே நான்கு பூமி தூரம் சேர்ந்துவிடுகிறது. பேசும் நேரத்தில் படங்கள், வீடியோக்கள் ஏற்றுவதை நிறுத்திவையுங்கள். மகள் வீட்டிலும் அப்படியே. செய்யக்கூடியவற்றில் பலன் அதிகம் தருவது இதுதான்.

யார் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்கச் சில வழிகள். மகள் சொல்வது உங்களுக்கு நன்றாகக் கேட்டு, நீங்கள் சொல்வது அங்கே உடைந்தால், முதலில் உங்கள் பக்கத்தைச் சந்தேகியுங்கள். ஏற்றும் பாதைதான் பொதுவாக இளைத்தது, டவர் தள்ளியிருந்தால் இன்னும் மோசம். ஜன்னல் பக்கம் அல்லது மாடிக்குப் போனால் தெளிவாகும். எதிரொலி விஷயம் நேர்மாறு. உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்டால் கோளாறு மகளின் ஃபோனில். அங்கே ஸ்பீக்கரிலிருந்து வரும் உங்கள் குரல் அவளது மைக்கில் விழுகிறது. அவள் இயர்ஃபோன் போட்டால் உடனே நிற்கும். புளூடூத்தை விடக் கம்பி இயர்ஃபோன் நல்லது, ஏனென்றால் புளூடூத் தன் பங்குக்குத் தாமதம் சேர்ப்பதோடு, மைக்கும் இயங்கும்போது ஒலித்தரத்தையும் குறைத்துக்கொள்கிறது.

வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தனியாகத் தெரிந்தால், ரூட்டர் இருக்கும் அறையில் அதையே பிடியுங்கள். இரண்டு சுவர் தாண்டினால் 2.4 பரவாயில்லை. வீட்டில் லேப்டாப் இருந்தால் ரூட்டரின் முகவரிக்குப் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் சிறு செய்தி) அனுப்பிப் பாருங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரூட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும். பதில் 10 மில்லிசெகண்டுக்குள் சீராக வந்தால் வைஃபை நலம். திடீர் திடீரென்று நூறுக்கு மேல் எகிறினால் கோளாறு வைஃபையில். வைஃபை நலமாக இருந்து, கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-க்கு அனுப்பும்போது மட்டும் எகிறினால், வீட்டில் ஏதும் ஏற்றாத நேரம்தானா என்று உறுதி செய்துகொண்டு, அந்த அளவுகளோடு இணைப்பு தந்தவரிடம் புகார் செய்யலாம். எண்ணோடு போகும் புகாருக்கு மதிப்பு வேறு.

நீங்கள் மொபைல் டேட்டாவில் பேசுபவரானால் நேரத்தை மாற்றிப் பாருங்கள். இரவு எட்டிலிருந்து பத்து வரை ஊரே வீடியோ பார்ப்பதால் டவர் திணறும். காலை ஆறரை மணிக்கு டவர் காலியாக இருக்கும். டொராண்டோவில் அப்போது கோடையில் முந்தைய இரவு ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. அப்போதும் குரல் உடைந்தால் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவுக்கு விநாடிக்குப் பல நூறு கிலோபிட் வேண்டும், குரலுக்கு 40 போதும். முட்டிக்கொள்வதற்கு மட்டும் தீர்வு இல்லை. மகள் முடித்த பிறகு ஒரு விநாடி பொறுத்துப் பேசுங்கள், அவளையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள்.